கார்டு இருக்கிறது

கார்டு இருக்கிறது. எட்டுத் தடவை பார்த்தாயிற்று. வீட்டில் இரண்டு தடவை, லாட்ஜுக்குக் கீழே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒரு தடவை, மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்ற சாக்கில் ஒரு தடவை, மொட்டை மாடிக்கு வந்தபிறகு நாலு தடவை. இருக்கிறது செண்பகவல்லி, இருக்கிறது, விட்டுத்தொலை. ஆனால் காமிராவின் அந்தச் சின்னக் கதவைத் திறந்து கண்ணால் பார்த்து மூடிய கையோடு, மூடும்போது சரியாக உட்கார்ந்ததா என்று இன்னொரு அரிப்பு கிளம்புகிறது. ஸ்கிரீனில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு படம் எடுக்கலாம் என்று நம்பர் காட்டுகிறது. காட்டட்டும். காமிராவின் வாயால் வருகிற எதையும் நான் நம்புவதை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மணி ஒன்பது ஐந்து. எதிரே கோயில் விமானம், புதுப் பெயிண்ட் வெயிலில் கண்ணைக் குத்துகிறது, பச்சையும் ரோஸும் நீலமுமாக. உச்சியில் கலசம். சாரத்தில் நாலு சிவாச்சாரியார்கள் ஏறி நிற்கிறார்கள், பெரியவர் கையில் புனித நீர்க் குடம். கீழே ரதவீதி முழுக்கத் தலை. ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் கும்பாபிஷேகம். ஆனால் குடத்தை எப்போது சாய்ப்பார் என்று அவருக்கே தெரியாது. கருடன் வரவேண்டும். மேலே ஒரு செம்பருந்து வந்து வட்டம் போட்டால்தான் எங்கள் ஊரில் குடம் சாயும். பருந்து, சாய்கிற தண்ணீர், கலசம், மூன்றும் ஒரே படத்தில். அது எனக்கு வேண்டும். அதை நான் எடுத்திருக்க வேண்டும், வேறு யாரும் எடுத்துக் கொடுத்ததாக இருக்கக்கூடாது. விட்டால் இன்னும் பன்னிரண்டு வருஷம், அப்போது எனக்கு ஐம்பத்தெட்டு, இந்த நாலு மாடி ஏற முட்டி விடுமா தெரியவில்லை. பக்கத்தில் பூல்பாண்டி அண்ணாச்சி ஸ்டாண்டை விரித்துக்கொண்டிருக்கிறார், வேறு பேப்பர், முப்பது வருஷ சர்வீஸ். மற்ற போட்டோகிராபர்கள் எல்லாம் மந்திரி மேடைக்குப் போய்விட்டார்கள். போன தடவையும் இந்த மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். வந்ததும் வராததுமாக அவர் கேட்கிற கேள்வியைக் கேட்டுவிட்டார். எங்கே பார்த்தாலும், கலெக்டர் ஆபீஸோ கல்யாண மண்டபமோ சாவு வீடோ, அதே கேள்விதான்: "என்னம்மா, கார்டு இருக்கா?" நானும் சிரித்துக்கொண்டே இருக்கு அண்ணாச்சி என்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், போன கும்பாபிஷேகத்தன்றைக்குக் கார்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தது. முந்தின நாள் யாகசாலைப் படங்களை இறக்கப் போட்டது, அப்படியே விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காமிரா என்ன செய்திருக்க வேண்டும்? அம்மா, என் வயிறு காலி, எடுக்கமாட்டேன் என்று ஷட்டரைப் பூட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையே. கிளிக் கிளிக் என்று சந்தோஷமாக அடித்தது. குடம் சாய்ந்தது, பருந்து வந்தது, கலசத்துக்கு நேர் மேலே இறக்கையை விரித்தது, நான் அமுக்கினேன். அமுக்கிய படம் பின்பக்க ஸ்கிரீனில் வரவும் செய்தது. அதுதான் அநியாயம். தலையைக் கவிழ்த்து வெயிலை மறைத்து இரண்டு விநாடி பார்த்தேன். தண்ணீர் வெள்ளிக் கம்பியாக இறங்குகிறது, பருந்தின் ஒரு இறக்கை நுனி கலசத்தின் நுனிக்கு மேலே ஒரு சாண், சிவாச்சாரியாரின் வாய் திறந்திருக்கிறது. இரண்டு விநாடி. பிறகு போய்விட்டது, உலகத்தில் எங்கேயும் இல்லாமல் போய்விட்டது. மூலையில் டெமோ என்று கடுகு அளவு எழுத்தில் போட்டிருக்குமாம், சர்வீஸ் சென்டர் பையன் பிறகு சொன்னான். பத்து மணி வெயிலில் ஸ்கிரீனில் பாதி என் மூஞ்சிதான் தெரியும், கடுகைத் தேடவா முடியும். கார்டு இல்லாமல் எதற்குடா எடுக்க விடுகிறீர்கள் என்றேன். கடையில் கஸ்டமருக்கு அமுக்கிக் காட்டுவதற்கு என்றான். கடையில் காட்ட. உலகத்தில் ஒரு காமிரா கடையில் எத்தனை நாள் இருக்கும், என் தோளில் எத்தனை வருஷம் இருக்கும். அந்த நாலு நாள் கடைக்காரனுக்காக என் வாழ்க்கைப் படத்தைக் காற்றில் விட்டார்கள். மெனுவில் மூன்றாவது தாளில் நாலாவது வரியில் அதை அணைத்து வைக்க ஒரு வழி இருக்கிறதாம். இருக்கிறதாம். வீட்டுக்குத் தீப்பிடித்த பிறகு தண்ணீர்க் குழாய் எங்கே என்று சொல்கிற மாதிரி சொன்னான். என்னத்தைச் சொல்ல.

அப்போதிருந்துதான் அந்த நோட்டு. கணக்கு நோட்டு இல்லை, வசவு நோட்டு. காமிரா செய்கிறவனுக்குச் சொல்லவேண்டியது எல்லாம் அதில் இருக்கும். இதுவரை முப்பத்தொன்று. கார்டு இல்லையென்றால் ஷட்டர் அசையக்கூடாது, கண்டக்டர் விசில் கொடுக்காமல் பஸ் கிளம்பாத மாதிரி, இது ஒன்று. தொட்டால் கேட்கிற ஸ்கிரீன் எதற்கு, எனக்கு இடது கண்தான் நல்ல கண், இடது கண்ணை வைத்தால் மூக்கு ஸ்கிரீனில் படுகிறது, மூக்கு பட்ட இடத்துக்கு போகஸ் ஓடுகிறது, ஒரு முதலமைச்சர் கூட்டத்தில் மைக் மட்டும் பளிச்சென்று வந்தது, இது ஆறோ ஏழோ. கண்ணைக் கொண்டுபோனால் பின் ஸ்கிரீன் தானாக அணையும், நல்லதுதான், ஆனால் துப்பட்டா பட்டாலும் கண் என்று நினைத்து அணைகிறது, வயிற்றில் தொங்கினால் வயிற்றையும் கண் என்று நினைக்கிறது. பேட்டரி மூன்று கட்டம் காட்டும், காட்டிக்கொண்டே இருக்கும், அடுத்த நிமிஷம் சிவப்பு, நடுவில் இரண்டு, ஒன்று என்பதெல்லாம் கிடையாது. எழுத்தைப் பெரிசாக்கு, நாற்பதைத் தாண்டினவளுக்கும் காமிரா விற்கிறாய் அல்லவா. கண் பவர் வைக்கிற அந்தக் குட்டிச் சக்கரம், பைக்குள் உருண்டு மாறிவிடுகிறது, வெளியே எடுத்துப் பார்த்தால் ஊரே மங்கல், எனக்குக் கண்ணாடி மாற்றும் வயது வந்துவிட்டது என்று பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே போனேன், டாக்டர் கண்ணெல்லாம் நன்றாக இருக்கிறதம்மா என்றார். இதையெல்லாம் அழகாக டைப் அடித்துக் கம்பெனிக்கு அனுப்பினேன், இரண்டு தடவை. உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது என்று பதில் வந்தது, இரண்டு தடவையும் அதே ஒரு வரி. சரி, நீங்கள் செய்யமாட்டீர்கள் என்றால் நானே செய்கிறேன் என்று ஆரம்பித்தேன். கண் சக்கரத்துக்கு மேல் பிளாஸ்திரி. மோடு திருகிக்கு மேல் பிளாஸ்திரி. டெய்லர் கடையில் பழைய குடைத்துணியைக் கொடுத்து ஸ்கிரீனுக்கு ஒரு முக்காடு தைத்து வாங்கினேன், ஒரு சாண் நீளம், கருப்புக் குழாய் மாதிரி, பின்னால் ஒட்டி மூஞ்சியை உள்ளே விட்டால் உச்சி வெயிலிலும் படம் சினிமாத் தியேட்டரில் தெரிகிற மாதிரி தெரியும். இப்போதும் கழுத்தில்தான் தொங்குகிறது. பார்த்ததும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு. காமிராவுக்குப் பர்தாவா என்கிறார். அவருடையது புது மாடல், போன மாதம்தான் ஆபீஸில் கொடுத்தார்களாம். மனுஷன் கண்ணைத் தானே தேடிப் பிடிக்குமாம், நாம் சும்மா அமுக்கினால் போதுமாம். நானும் கேட்டுக்கொண்டேன். இப்போது இருக்கிற என் காமிராவிலும் அந்தச் சங்கதி இருக்கிறது, ஆனால் அது எங்கே போய்க் கண்ணைத் தேடுகிறது என்று காலையிலேயே பார்த்துவிட்டேன். அண்ணாச்சியிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. அவர் மறுபடியும் கார்டு இருக்கா என்று கேட்டார், வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

அந்தப் படம். அதை நினைக்கக்கூடாது என்று இருந்தேன், நினைத்தாயிற்று. அன்றைக்கு இதே மாடியில், கதவைத் திறந்து காலிப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அண்ணாச்சிதான் வந்தார். திறந்து கிடந்த காமிராவைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, எந்தப் பேப்பராக இருந்தாலும் ஒருத்தருக்குப் படம் தப்பிவிட்டால் இன்னொருத்தர் கொடுப்பார். கொடுத்த படத்தைக் கொடுத்தவர் தன் பேப்பரில் போடமாட்டார், அதுவும் வழக்கம். அண்ணாச்சி வெயிலில் ஸ்கிரீனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் படத்தை நீ எடுத்துக்கோ, நானூற்றுப் பதினொன்று எனக்கு என்றார். என் லேப்டாப்பில் காப்பி செய்தேன், திறந்துகூடப் பார்க்காமல் டெஸ்க்குக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் என் பேப்பரில் முதல் பக்கம், பருந்தோடு, கீழே படம்: செண்பகவல்லி. அவர் பேப்பரில் குடம் மட்டும், தண்ணீர் மட்டும், வானம் காலி. நல்லதை எனக்குக் கொடுத்துவிட்டுச் சுமாரானதை அவர் வைத்துக்கொண்டார். ஏன்? பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார், அழுத பிள்ளை, பாவம் என்று கொடுத்தேன் என்பார். அந்தப் பாவத்தைக் காதால் கேட்க எனக்குத் தெம்பில்லை. அந்தப் படத்துக்கு மாவட்டப் பத்திரிகையாளர் சங்கத்தில் கேடயம் கொடுத்தார்கள். மேடையில் வாங்கும்போது அண்ணாச்சி முதல் வரிசையில் கைதட்டினார். கோயில் ஆபீஸில் லேமினேட் செய்து மாட்டியிருக்கிறார்கள், எந்தச் செய்திக்குப் போனாலும் இந்த அம்மா எடுத்த படம் என்று புது ஆட்களுக்குக் காட்டுவார்கள். நான் சுவரைப் பார்க்காமல் நிற்பேன். கேடயம் வீட்டில் பிரிட்ஜ் மேல் இருக்கிறது, பின்னால் பழைய பேட்டரிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். மகளுக்குக்கூட உண்மை தெரியாது. பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னதற்கு அந்தப் படத்தை வெட்டி ஒட்டினாள். அதைப் பார்த்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணி ஒன்பது நாற்பது. மேளம் உச்சத்துக்குப் போய் இறங்கி மறுபடி ஏறுகிறது. பெரியவர் குடத்தைத் தோளுக்கு ஏற்றி வானத்தைப் பார்க்கிறார். கீழே இருக்கிற ஜனமும் வானத்தைப் பார்க்கிறது. வானத்தில் ஒன்றும் இல்லை, இரண்டு காக்கா. இப்போது கார்டைப் பார்க்கலாமா? வேண்டாம். திறந்த நேரத்தில் பருந்து வந்தால்? மூடியே இருக்கட்டும். இருக்கிறது. காலை ஏழு மணிக்கே வந்து லென்ஸ் வளையத்தில் கலசத்துக்குச் சரியான தூரம் பார்த்து, வளையத்திலும் உடம்பிலும் பிளாஸ்திரி ஒட்டி, இரண்டிலும் சேர்ந்தாற்போல் பால்பாயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடும் கோடும் சேர்ந்தால் கலசம் கத்தி மாதிரி வரும். அது கைப்போகஸில்தான் வேலை செய்யும், ஆனால் பருந்து முன்னே பின்னே வந்தால் ஆட்டோதான் பிடிக்கும், அதனால் ஆட்டோவில் வைத்திருக்கிறேன், அதனால் பயமாக இருக்கிறது, கையில் வைத்தால் பருந்து போய்விடுமோ, ஆட்டோவில் வைத்தால் கலசம் போய்விடுமோ. ஏன் இந்த இரண்டையும் ஒன்றாகத் தரமாட்டேன் என்கிறான், முப்பத்திரண்டாவதாக எழுதவேண்டும். காமிரா தூங்கப் பார்க்கிறது. தூங்காதே. அரை அமுக்கு. முழித்துக்கொண்டது. பேட்டரி மூன்று கட்டம். பொய். எனக்குத் தெரியும் அது பொய். மாற்றிவிடலாமா? மாற்றப் பத்து விநாடி. ஒன்பது நாற்பத்தெட்டு. பெரியவர் குடத்தை இன்னொரு தோளுக்கு மாற்றுகிறார், வயசானவர், எத்தனை நேரம் தாங்குவார். மாற்று. மாற்றாதே. மாற்று என்று சொல்கிறவள் பன்னிரண்டு வருஷமாக அனுபவித்தவள், மாற்றாதே என்பவள் பயந்தவள். பேட்டரிக் கதவைத் திறந்தேன், பழசைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டேன், புதுசைச் சொருகினேன், சொருகும்போதே கீழேயிருந்து ஒரு சத்தம், ஆயிரம் பேர் ஒரே வாயாக, கருடன், கருடன், கருடன்.

தெற்கேயிருந்து வருகிறது. செம்பழுப்பு இறக்கை, வெள்ளைக் கழுத்து, அவசரமே இல்லாமல். கதவு மூடியதா, மூடியது. கண் வைத்தேன். போகஸ் காட்டுகிற பச்சைக் கட்டம் கலசத்தில் நிற்கிறது, நில்லு, நிற்கிறது, பருந்து உள்ளே வருகிறது, குடம் சாய ஆரம்பிக்கிறது, பச்சைக் கட்டம் துள்ளி இடது பக்கம் கீழே போய் ஒட்டிக்கொண்டது. காலையில் பார்த்த அதே கிறுக்குத்தனம். விமானத்து மூலையில் புதுசாகப் பெயிண்ட் அடித்த பூதகணம், கோழிமுட்டை சைஸில் இரண்டு கண், வெள்ளை வெளேர் என்று, நடுவில் கருப்பு. காமிரா அதைத்தான் மனுஷன் என்கிறது. அதற்குத்தான் மரியாதை. அமுக்கிய மூன்றிலும் கலசம் கரைந்தது, பருந்து புகையாகப் போனது. மறுபடியும் அதே காலிப் பள்ளம், டெமோ, இரண்டு விநாடி. இல்லை. இந்தத் தடவை இல்லை. லென்ஸின் இடது பக்கத்தில் ஆட்டோவிலிருந்து கைப்போகஸுக்கு மாற்ற ஒரே ஒரு சுவிட்ச், மெனு இல்லை, தாள் இல்லை, எழுத்து இல்லை, இருபது வருஷமாக இடம் மாறாத ஒரே ஒரு சுவிட்ச், பெருவிரல் கேட்காமலேயே அதைத் தள்ளியது. வளையத்தைத் திருப்பினேன். கண்ணால் பார்க்கவில்லை, பிளாஸ்திரியின் ஓரம் விரலில் தட்டுப்பட்டது, ஓரமும் ஓரமும் சேர்ந்தது. கலசம் வந்தது. கத்தி மாதிரி வந்தது. தண்ணீர் இறங்கியது. பருந்து கலசத்துக்கு நேர் மேலே வந்து வலது இறக்கையைச் சாய்த்தது. அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். வாயில் பேட்டரி, கண்ணில் தண்ணீர், அழுகிறேனா என்று தெரியவில்லை, மூக்கு ஸ்கிரீனில் எங்கே வேண்டுமானாலும் படட்டும், இப்போது உன் மூக்குக்கு யாரும் பயப்படவில்லை செண்பகவல்லி. பதினாலு படம். பருந்து வடக்கே போய்விட்டது. கீழே ஜனம் கும்பிடுகிறது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது, எழுதுகிறது, கார்டில் எழுதுகிறது, எழுதி முடிக்கும்வரை நான் மூச்சு விடவில்லை. அணைந்தது. கதவைத் திறந்தேன். கார்டு இருக்கிறது.

முக்காட்டை ஒட்டி மூஞ்சியை உள்ளே விட்டேன். இருட்டில் ஒவ்வொன்றாக வந்தன. முதல் மூன்றும் பூதகணம், நல்ல அழகு. நாலாவதிலிருந்து என்னுடையது. ஒன்பதாவதில் நின்றுவிட்டேன். அன்றைக்கு இரண்டு விநாடி பார்த்தது இல்லை இது, அதைவிட நல்லது. தண்ணீரின் ஒரு வளைவு பருந்தின் வயிற்றுக்கு வெளிச்சம் அடிக்கிறது. இரண்டு விநாடி ஆயிற்று, போகவில்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, போகவில்லை. தலையை வெளியே எடுத்தபோது அண்ணாச்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்கிரீனை வெயிலுக்கு இப்படியும் அப்படியும் திருப்புகிறார். நான் முக்காட்டைக் கழற்றிக் கொடுத்தேன். ஒட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். பூதகணம், எல்லாம் பூதகணம், கண்ணைத் தேடிப் பிடிக்கிற காமிரா கடைசிவரை கண்ணை விடவில்லை. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, மறைக்காமல் சிரித்தேன். பிறகு சொல்லாமல் விட்டோமே என்று உறுத்தியது. காலையிலேயே தெரியும் அண்ணாச்சி, சொல்லியிருக்கணும் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் காமிராவை வாங்கி முக்காட்டுக்குள் தலையை விட்டார். உள்ளேயிருந்தே சொன்னார்.

"அன்னைக்கு இந்த முக்காடு என்கிட்ட இருந்திருந்தா அந்தப் படம் உனக்குக் கிடைச்சிருக்காது செண்பகம்."

எனக்குப் புரியவில்லை. வெளியே வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார். வெயிலில் ஒரு எழவும் தெரியவில்லையாம். எதில் பருந்து இருக்கிறது என்று பார்க்க முடியாமல், பதினொன்றில்தான் இருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்து, பன்னிரண்டை என் தலையில் கட்டினாராம். ஆபீஸுக்குப் போய்ப் பெரிசாக்கிப் பார்த்தபோதுதான் பருந்து என்னிடம் போய்விட்டது தெரிந்ததாம். கொடுத்ததைப் போடக்கூடாதே, வாயை மூடிக்கொண்டு பதினொன்றைப் போட்டாராம். "ஒரு வாரம் வயிறெரிஞ்சேன். அதான் உன்னைக் காணும்போதெல்லாம் அந்தக் கேள்வி." பாவம் பார்த்துக் கொடுக்கவில்லை. எனக்குப் பாவமே பார்க்கவில்லை. ஸ்கிரீன் தெரியவில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாகச் சோறு இறங்காமல் நான் சுமந்தது பாதி என் மறதி, பாதி வெயில். சிரிப்பு எங்கேயிருந்தோ கிளம்பி வந்தது, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அதே தண்ணீர்த் தொட்டி, அண்ணாச்சியும் சிரித்தார், லாட்ஜ் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

அப்புறம் அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்பதற்கு வெட்கப்பட்டு, எனக்கு ஒண்ணு குடும்மா என்றார். முக்காட்டுக்குள் போனேன். இந்தத் தடவை நன்றாகத் தெரிகிறது, எல்லாமே தெரிகிறது. பதினொன்றாவதிலும் பருந்து இருக்கிறது, இறக்கை கொஞ்சம் மடங்கினாற்போல், தண்ணீரும் இருக்கிறது, எந்தப் பேப்பரிலும் முதல் பக்கம் போடலாம். அதைப் போனுக்கு மாற்றி அவருக்கு அனுப்பினேன். ஒன்பதாவது என்னுடையது.

"நல்லதை நீ வச்சுக்கிட்டியாக்கும்" என்றார்.

"பார்த்துத்தான் வச்சுக்கிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

ஒன்பதாவது டெஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று போனில் இரட்டை டிக் விழுந்தது. மாடிப்படியில் இறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் பழக்க தோஷத்தில் கை கார்டுக் கதவுக்குப் போயிற்று. திறக்காமல் எடுத்துவிட்டேன். கேடயத்தைப் பற்றி இன்று ராத்திரி மகளிடம் சொல்லிவிடப் போகிறேன். நாளைக்குக் காலையில் என் பேருக்கு மேலே நான் எடுத்த படம் இருக்கும்.